வெண்பட்டு விசிறியும் ஜேட் சிலையும்

இலங்கைக்கும் சீனாவுக்கும் இருந்த பழந்தொடர்பு என்றதும் கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ள காலி மும்மொழிக் கல்வெட்டைத்தான் பலரும் சொல்வார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த அந்தக் கல் 1409 எனத் தேதியிடப்பட்டது. சீனம், பாரசீகத்தோடு தமிழிலும் பொறிக்கப்பட்டது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. அருமையான சான்றுதான். ஆனால் கதையை அங்கே தொடங்கினால், சீனர் கொடுத்தார்கள், நாம் வாங்கிக்கொண்டோம் என்ற எண்ணமே மிஞ்சும். அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பே இங்கிருந்து சிற்பம் அங்கே போயிருக்கிறது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழக்கு ஜின் வம்சத்தின் அரசவைக்கு இலங்கை மன்னர் ஒரு ஜேட் புத்தர் சிலையை அனுப்பினார். அது போய்ச்சேரப் பத்து ஆண்டுகள் பிடித்தன என்கிறது லியாங் வம்ச வரலாறு. உயரம் சீன அளவில் நாலே கால் அடிக்குச் சற்றுக் குறைவு. கல்லின் நிறம் மாசற்றது, வடிவம் மனிதக் கை செய்ததாகவே தோன்றவில்லை என்று வியந்து எழுதியிருக்கிறார்கள். இன்றைய நான்ஜிங்கில் இருந்த வாகுவான் கோயிலில் அதை வைத்தார்கள். சிற்பி தாய் குயி செய்த ஐந்து சிலைகளும், கு கைஜி வரைந்த விமலகீர்த்தி ஓவியமும் அங்கே ஏற்கெனவே இருந்தன. சீன ஓவிய வரலாற்றில் கு கைஜியை விடப் பெரிய பெயர்கள் சிலவே. தாய் குயியின் சிலைகள், கு கைஜியின் ஓவியம், நம் சிலை ஆகியவற்றைச் சேர்த்து மூன்று அற்புதங்கள் என்றார்கள் அந்நாட்டவர். ஏறக்குறைய நூறாண்டு நின்ற நம் சிலையை, 501 வரை ஆண்ட ஓர் இளம் பேரரசன் உடைத்தான். முதலில் கைகளை வெட்டி, பிறகு உடலையும் எடுத்து, காதலிக்குக் கொண்டையூசியும் வளையலும் செய்வித்தான்.

சிலையே இல்லை, அயல்நாட்டுப் பரிசையெல்லாம் திறை என்று எழுதிக்கொள்ளும் அரசவை ஏடுதானே சாட்சி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பெருமைக்காக எழுதுபவன் தன் நாட்டரசன் சிலையை உடைத்த கேவலத்தையும் சேர்த்தா எழுதுவான்? வேறு சாட்சிகளும் உண்டு. 399இல் சீனாவை விட்டுப் புறப்பட்ட சீனப் பிக்கு பாகியன் அனுராதபுரத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கே அபயகிரி விகாரையில் பச்சை ஜேட் புத்தர் முன் வணிகர் ஒருவர் சீன வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டு, ஊர் நினைவில் கண்ணீர் விட்டார். பொருள்கள் இரு திசையிலும் போய்வந்தன என்பதற்கு அந்தச் சின்ன விசிறி போதும். 455இல் ஐந்து இலங்கைப் பிக்குகள் மூன்று புத்தர் உருவங்களோடு வட வெய் தலைநகரை அடைந்ததாக அந்த வம்ச வரலாறும் கூறுகிறது. சில ஆண்டுகளில் அந்நகருக்கு அருகே யுன்காங் குகைச் சிற்பங்கள் தொடங்கின. அவற்றுக்கு நம் உருவங்களே மாதிரி என்று சொல்லச் சான்றில்லை. ஆனால் அந்தச் சிற்பிகளின் ஊரில் அவை இருந்தன.

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துப் போகிறவர்கள், அந்தக் கல்லின் முன் நிற்கும்போது இந்தச் சிலையின் கதையையும் சொல்லிக்கொடுங்கள்.