இயற்கையியலாளரின் தனிக்கடிதங்களும் தமிழாக்கமும்: சான்றுநிலை குறித்த சில சிக்கல்கள்

1. முன்னுரை

இயற்கை வரலாற்றுத் துறையில் தனிக்கடிதம் பல வேளைகளில் முதற்சான்றாக அமைகிறது. ஒரு பறவை எந்த நாளில் எந்த மரத்தில் காணப்பட்டது என்ற செய்தி ஆய்விதழில் இடம்பெறுவதற்கு முன்னரே நண்பருக்கோ அண்டை வீட்டாருக்கோ எழுதிய கடிதத்தில் பதிவாகிவிடுகிறது. அத்தகைய கடிதங்களைத் தமிழில் பெயர்க்கும்போது இலக்கண அளவில் எழும் சிக்கல்கள் சிலவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. ஆங்கிலக் கடிதம் வெளிப்படையாகச் சொல்லாது விடக்கூடிய சிலவற்றைத் தமிழ் வாக்கியம் சொல்லியே ஆகவேண்டும். அல்லது சொல்வதா வேண்டாவா என்று மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்யவேண்டும். பார்த்தவர் யார், கேட்டுச் சொன்னவர் யார், உடனிருந்தவர் யார் என்பன அவற்றுள் முதன்மையானவை. இவற்றில் நேரும் பிழை சாட்சியத்தையே மாற்றிவிடும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இவ்வகை ஆய்வுக்கு மும்பை ஏற்ற களமாகும். 18ஆம் நூற்றாண்டில் அந்நகரிலிருந்து இயற்கைக் காட்சிகளைக் கடிதங்களாக எழுதியவர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ். 1883இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே தொடங்கப்பட்டது. சிறுவன் சாலிம் அலி தான் சுட்ட மஞ்சள்தொண்டைச் சிட்டை இன்னதென்று அறிவதற்காக, தன் மாமா தந்த அறிமுகக் கடிதத்துடன் கழகத்தின் செயலர் மில்லார்டைக் காணச் சென்றதும் அங்கேதான். பின்னர் அவர் நிகழ்த்திய ஐதராபாத், திருவிதாங்கூர்-கொச்சிப் பறவைக் கணிப்புகள் ஹியூ விஸ்லரின் குறிப்புகளுடன் வெளியாயின. விஸ்லர் அப்போது இங்கிலாந்தில் வாழ்ந்தவர். கடலுக்கு இருபுறமும் இருந்த இருவரின் கூட்டுப்பணி அஞ்சலைச் சார்ந்தே நடைபெற்றது.

2. கடிதமும் நூலும்

கடிதம் நூலாகும்போது அதன் முன்னிலை மாறுகிறது. ஃபோர்ப்ஸ் 1766இல் இளைஞராகப் பம்பாய்க்கு வந்து 1784இல் நாடு திரும்பினார். அவர் திரட்டிய கையெழுத்துப் படிகள் 150 பெருந்தொகுதிகளில் 52,000 பக்கங்கள் கொண்டவை எனப்படும். 1813இல் அவற்றிலிருந்து நான்கு தொகுதிகள் அச்சாயின. நெருங்கியவர்களுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து தேர்ந்து சுருக்கப்பட்டது என்று நூலின் முழுத் தலைப்பே கூறுகிறது. சுருக்கத்தில் விளி மறைந்தது. இயல் பகுப்பு வந்தது. பெறுநர் எதை முன்பே அறிந்திருந்தார், எதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது என்பதை அச்சுப் பக்கத்திலிருந்து மட்டும் அறிய இயலாது.

இதற்கு மாறானது கில்பர்ட் ஒயிட்டின் செல்போர்ன் நூல். 1789இல் வெளியான அந்நூல் கடித வடிவைக் காத்துக்கொண்டது. அதில் தாமஸ் பென்னன்ட்டுக்கு 44, டெயின்ஸ் பேரிங்டனுக்கு 66 என 110 கடிதங்கள் உள்ளன. ஆயினும் பென்னன்ட்டுக்கு எழுதியனவாக உள்ள முதல் ஒன்பதும் அஞ்சலில் சென்றவை அல்ல. நூலுக்கு முகப்பாகப் பின்னர் எழுதிச் சேர்க்கப்பட்டவை. ஆகவே அவ்வொன்பதில் வரும் முன்னிலை நூல் வாசகரை நோக்கியது. பத்தாம் கடிதம் முதல் வரும் முன்னிலை உயிருள்ள ஒருவரை நோக்கியது. இரண்டையும் ஒரே முன்னிலைச் சொல்லால் பெயர்ப்பதா என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலிலேயே முடிவு செய்தல் நன்று.

3. சான்றின் படிகள்

ஒயிட் 1767 ஆகஸ்டு 4ஆம் நாளிட்ட பத்தாம் கடிதத்தில் இரண்டு செய்திகளைத் தருகிறார். தகைவிலான், உழவாரன் முதலிய பறவைகள் குளிர்காலத்தில் வலசை செல்கின்றனவா, மறைவிடங்களில் உறங்கிக் கிடக்கின்றனவா என்பது அக்காலத்தில் தீராத வழக்காக இருந்தது. ஒரு பாதிரியார் தம் இளமையில் நிகழ்ந்ததை ஒயிட்டிடம் கூறினார். தேவாலயக் கோபுரத்தின் கைப்பிடிச் சுவரை இடித்தபோது, செத்தவை போன்ற உழவாரன்கள் சில கிடைத்தன. அனலருகே கொண்டு சென்றதும் அவை உயிர்த்தன. அவர் அவற்றைத் தாளுறையிலிட்டு அடுக்களை அடுப்பருகே தொங்கவிட, அவை மூச்சுத் திணறி இறந்தன. மற்றொருவர் பள்ளி மாணவராக இருந்தபோது கடற்கரைச் சுண்ணப்பாறை சரிந்ததாகவும், அவ்விடிபாட்டில் பலர் தகைவிலான்களைக் கண்டதாகவும் கூறினார். நீங்கள் கண்டீர்களா என்று ஒயிட் கேட்டார். இல்லை, கண்டதாகப் பிறர் உறுதி கூறினர் என்பதே மறுமொழி. ஒயிட் ஏமாற்றமடைந்தார்.

இவ்விரு செய்திகளும் ஒயிட்டுக்குக் கேள்விச் செய்திகளே. ஆனால் முதலாமவர் பறவையைக் கையில் எடுத்தவர். இரண்டாமவர் கண்ணாலும் காணாதவர். தமிழில் கேள்விச் செய்தியை உணர்த்த ‘ஆம்’ என்னும் ஒட்டு உண்டு. பின்வருவன விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட வாக்கியங்கள்:

(1) இடிபாட்டில் தகைவிலான்கள் கிடந்தன.
(2) இடிபாட்டில் தகைவிலான்கள் கிடந்தனவாம்.
(3) இடிபாட்டில் தகைவிலான்கள் கிடந்ததாகக் கூறப்படுகிறது.
(4) இடிபாட்டில் தகைவிலான்கள் கிடந்ததாகப் பிறர் தம்மிடம் சொன்னார்கள் என்று அவர் கூறினார். தாம் பார்க்கவில்லை என்றார்.

(1) பொய்ச்சான்று ஆகிவிடும். (2) கூறுபவர் நேரில் அறியாதவர் என்பதை மட்டும் காட்டும்; இடையில் ஒருவர் இருந்தாரா இருவர் இருந்தாரா என்பதைக் காட்டாது. அதனால் பாதிரியார் சொன்னதும் மாணவராக இருந்தவர் சொன்னதும் ஒரே எடை பெற்றுவிடும். மேலும் ‘ஆம்’ சில சூழல்களில் ஐயத்தையோ எள்ளலையோ ஏற்றுவது. (3) இக்கால அறிவியல் தமிழில் மிகுதியாகப் பயிலும் வடிவம். ஆனால் அது சொன்னவரையே அழித்துவிடுகிறது. ஒயிட் வேண்டுமென்றே கேள்வி கேட்டுப் பெற்ற வேறுபாட்டை (4) மட்டுமே காக்கிறது. நீளம் கருதி இதைத் தவிர்ப்பது பொருந்தாது.

4. நாம், நாங்கள், தாங்கள்

ஆங்கிலத் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் உளப்பாட்டுப் பன்மையும் உளப்படுத்தாப் பன்மையும் வேறு வேறு. செம்பூரில் வாழும் ஒருவர் மாகுல் சேற்றுப் பரப்பில் பூநாரைகளைக் கண்டு, கோடியக்கரையில் உள்ள நண்பருக்கு ஆங்கிலத்தில் எழுதுவதாகக் கொள்வோம். ‘நாங்கள் கண்டோம்’ என்று பெயர்த்தால் நண்பர் உடனில்லை. ‘நாம் கண்டோம்’ என்றால் நண்பரும் சாட்சி. கடிதம் பெறுநர் அறியாததைத் தெரிவிப்பது என்பதால் ‘நாங்கள்’ இயல்பாகப் பொருந்துவதாகத் தோன்றும். ஆனால் இருவரும் சேர்ந்து சென்ற பழைய பயணத்தை நினைவூட்டும் வாக்கியம் அதே கடிதத்தில் அடுத்து வரலாம். மறுமொழிக் கடிதமும் நாட்குறிப்பும் கிடைக்குமாயின் அவற்றை ஒப்பிட்டே இதனைத் துணியவேண்டும்.

ஊரைக் குறிக்கும் இடங்களிலும் இதுவே நிலை. ஒயிட் தம் ஊரை வேல்ஸ் நாட்டில் வாழ்ந்த பென்னன்ட்டுக்கு விவரிக்கும்போது ‘எங்கள் ஊர்’. அண்டை வீட்டாருக்கு எழுதினால் ‘நம் ஊர்’. இடைமொழி வழியாகப் பெயர்ப்போர் இதில் விழிப்பாயிருத்தல் வேண்டும். மராத்தி ‘ஆம்ஹீ’, ‘ஆபண்’ என இவ்வேறுபாட்டைக் காக்கிறது. இந்தியின் ‘ஹம்’ காப்பதில்லை.

முன்னிலையில் ஒருமையும் மதிப்பும் கலந்த ஆங்கிலச் சொல் ஒன்றே. தமிழில் நீ, நீங்கள், தாங்கள் என மூன்று. அறிமுகமற்ற அறிஞருக்குத் ‘தாங்கள்’ என்று தொடங்கிய கடிதத் தொடர், நட்பு முதிர முதிர ‘நீங்கள்’ ஆவது தமிழ் வழக்கு. விளியும் வட்டாரத்தைச் சார்ந்தது. தாராவியில் வாழும் திருநெல்வேலி வழியினரிடம் இயல்பாக வரும் ‘அண்ணாச்சி’ மாதுங்கா வீடுகளில் ‘மாமா’ ஆகலாம். ஆங்கிலக் கடிதத்தில் இல்லாத உறவுமுறையை மொழிபெயர்ப்பில் புகுத்துதல் தகாது. எனினும் ஒரு விளியைத் தேர்ந்தபின் வினைமுற்றும் அதற்கு இயைய வேண்டும்.

5. பெயரும் பாலும்

பறவைப் பெயர் வெறும் அடையாளச் சீட்டு அன்று. அது ஒரு நோக்கு. கிளையில் தொங்கும் கூட்டை முடையும் சிறுபறவை ஒன்றைத் தமிழ் ‘தூக்கணாங்குருவி’ என்கிறது. ‘தூங்கணங்குரீஇ’ எனக் குறுந்தொகையிலேயே இப்பெயர் உண்டு. தமிழ்ப்பெயர் கூடு தொங்குவதைக் கண்டது. இன்றைய ஆங்கிலப் பெயர் நெசவைக் கண்டது. ஃபோர்ப்ஸ் பயன்படுத்திய பெயர் கூடு குப்பி வடிவினது என்பதைக் கண்டது. மராத்தியின் ‘சுகரண்’ கைத்திறம் மிக்க இல்லாளைக் குறிக்கும் பெண்பாற் சொல்.

சாலிம் அலி 1930இல் மும்பைத் துறைமுகத்துக்கு அப்பால் உள்ள கிஹிமில் இப்பறவையின் கூடுகட்டலை ஆராய்ந்தார். கூட்டை முடைவது ஆண். பாதி முடிந்த கூட்டைப் பார்த்து ஏற்பது பெண். பெண் முட்டையிட்டபின் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கும். ஆக, மராத்திப் பெயர் சுட்டும் பால் உயிரியல் உண்மைக்கு மாறானது. ஆங்கிலத்தில் ஆண்பால், பெண்பால் பதிலிடு பெயர்களாலேயே இதனைத் தெளிவாக எழுதிவிடலாம். தமிழில் பறவை அஃறிணை. ‘அது’ பால் காட்டாது. ‘அது முடைகிறது, அது பார்க்கிறது’ என்று பெயர்த்தால் கண்டறிந்த உண்மையே மறைந்துபோகும். ‘சேவல் முடைகிறது, பெடை பார்த்துத் தேர்கிறது’ என மரபுச் சொற்களை மீட்பது தெளிவும் தரும், சுருக்கமும் தரும்.

மூலக் கடிதக்காரர் பெயர் தெரியாமல் எழுதிய இடம் தனியே கருதத்தக்கது. பின்னாளில் மூன்று இனங்களாக ஏற்கப்பட்ட இலைச்சிட்டுகளை ஒயிட் 1768இல் அவற்றின் குரல் வேறுபாட்டைக் கொண்டே பிரித்தறிந்தார். அத்தகைய இடத்தில் இன்றைய இனப்பெயரை மொழிபெயர்ப்பினுள் இட்டால், அவர் தேடிக் கண்ட வழி மறைந்துவிடும். அவருடைய வருணனையை அவ்வாறே பெயர்த்து, இன்றைய பெயரை அடிக்குறிப்பில் தருவதே முறை.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும் நான்கு நெறிகளைத் தொகுக்கலாம். கடிதம் உண்மையில் அனுப்பப்பட்டதா என்பதைப் பெயர்ப்புக்கு முன் அறிதல். கேள்விச் செய்தியில் எத்தனை பேர் இடைநின்றனர் என்பதை வாக்கிய அமைப்பிலேயே காட்டுதல். நாம், நாங்கள் என்னும் தேர்வை மறுமொழிக் கடிதங்களைக் கொண்டு சரிபார்த்தல். கடிதக்காரர் அறிந்திராத பெயரை அவர் வாயில் வைக்காதிருத்தல். ‘இன்று’, ‘இங்கே’ முதலிய சுட்டுகளைக் கடித நாளுக்கும் இடத்துக்கும் உரியனவாகவே விடுதல் இவற்றோடு சேரும்.

மொழியியலாளர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. மும்பைத் தமிழர் ஊருக்கு எழுதிய கடிதங்களிலும் ஊரிலிருந்து பெற்ற கடிதங்களிலும் மழை தொடங்கியது, மா பூத்தது, குயில் கூவியது போன்ற செய்திகள் குடும்பச் செய்திகளுக்கு இடையே வருவது இயல்பு. ‘ஆம்’ என்னும் ஒட்டு பேச்சு வழக்கிலிருந்து எழுத்துக்கு எவ்வாறு ஏறுகிறது என்பதை ஆராய அவை நல்ல தரவாகும். எந்த ஆண்டில் மழை எப்போது வந்தது என்பதற்கும் அவையே சான்றாகலாம். வீட்டுப் பரணில் கிடக்கும் அத்தகைய கடிதக் கட்டுகளை உரியவர் இசைவுடன் தொகுத்துப் படியெடுத்துக் காப்பது, இத்துறை இரண்டுக்கும் ஒருங்கே பயன்தரும் முயற்சியாகும்.