கரகரக்கும் ஸ்பீக்கரும் கடன் விண்ணப்பமும்

கொல்கத்தாவில் நான் பணிபுரியும் கிளைக்கு, துர்கா பூஜைக்கு ஐந்து வாரங்கள் இருக்கையில், வாடிக்கையாளர் ஒருவர் கடன் விண்ணப்பத்துடன் வந்தார். ஒலியமைப்புச் சாதனங்களை வாடகைக்கு விடுவது அவரது தொழில். 1970களின் நடுப்பகுதியில் 'மொஹினேர் கோராகுலி' குழுவினர் தொடங்கி வைத்த வங்காள மொழி இசைக்குழு மரபு இந்நகரில் இன்றும் செழித்திருப்பதால், கல்லூரி விழா முதல் பூஜைப் பந்தல் வரை இத்தொழிலுக்குக் குறைவில்லை. முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் நம் வங்கியில் கடன் பெற்று, பதினான்கு மாதங்களுக்கு முன்பு இரண்டு பவர்டு ஸ்பீக்கர்களும் ஒரு மிக்ஸரும் வாங்கியிருந்தார். ஒரு தவணையும் தவறியதில்லை.

இப்போது அந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் மாற்றுவதற்குக் கூடுதல் கடன் கேட்டார். சில நாட்களுக்கு முன் நடந்த ஒரு கல்லூரி நிகழ்ச்சியில், மூன்றாவது பாட்டிலிருந்தே ஸ்பீக்கர்கள் கரகரக்கத் தொடங்கி, இறுதியில் பாடகரின் குரலே புரியாமல் போயிற்றாம். ஏற்பாட்டாளர்கள் மீதித் தொகையைத் தர மறுத்துவிட்டனர். பூஜை நாட்களுக்கு நான்கு நிகழ்ச்சிகளை ஒப்புக்கொண்டிருந்தார். "இன்னொரு முறை இப்படி நடந்தால் இந்த வட்டாரத்தில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள், சார்" என்றார்.

பழைய கடனில் இருபத்திரண்டு தவணைகள் மீதமிருந்தன. புதுக்கடனும் சேர்ந்தால், உழைக்காத பெட்டிகளுக்கும் உழைக்கும் பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் அவர் தவணை கட்ட நேரிடும். வணிகவியல் படித்தவனாயினும், கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழுவொன்றில் கீபோர்டு வாசித்தவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒரே நாளில், ஒரே மேடையில், இரண்டு ஸ்பீக்கர்களும் பழுதாவது அரிது. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் குறை இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அவருடைய ஒத்திகைக்கு வருவதாகச் சொன்னேன். கடன் வழங்கும் முன் இடத்தை நேரில் பார்ப்பது எங்கள் நடைமுறையே என்பதால் இதில் விதிமீறல் ஏதுமில்லை.

பவர்டு ஸ்பீக்கர் என்பது ஆம்ப்ளிஃபயரைத் தன்னுள்ளேயே கொண்ட ஒலிபெருக்கி. முன்பெல்லாம் ஆம்ப்ளிஃபயர் தனிப் பெட்டியாக மிக்ஸரின் அருகே இருக்கும். அது சூடேறினாலும் சிவப்பு விளக்கு எரிந்தாலும் இயக்குபவரின் கண்ணெதிரே தெரியும். இப்போது அது மேடையின் ஓரத்தில், ஆளுயரக் கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. மின்சாரக் கம்பி ஒன்று, ஒலிக்கம்பி ஒன்று என இரண்டும் அப்பெட்டிக்கே செல்கின்றன. ஆகவே கரகரப்பு எங்கே பிறந்திருந்தாலும் அது வெளிப்படுமிடம் ஸ்பீக்கர்தான். பழியும் அதன்மேலேயே விழுகிறது.

மாலையில் ரொக்கக் கணக்கு இடிக்கும்போது நாங்கள் எல்லா நோட்டுகளையும் முதலிலிருந்து எண்ணுவதில்லை. எந்தக் கவுன்ட்டரில் வித்தியாசம் என்று முதலில் பிரித்தறிவோம். இங்கும் அதுவே வழி. கரகரக்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒலிக்கம்பியை மட்டும் கழற்ற வேண்டும். கழற்றும் முன் அதன் ஒலியளவை முற்றிலும் குறைத்துக்கொள்வது அவசியம். கம்பியே இல்லாதபோதும் இரைச்சல் தொடர்ந்தால் குறை ஸ்பீக்கரிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ இருக்கிறது. இரைச்சல் நின்றுவிட்டால், பெரும்பாலும் அதற்கு முன்னுள்ள கம்பியிலோ மிக்ஸரிலோ மைக்கிலோ இருக்கிறது. அடுத்து, இடது வலது ஸ்பீக்கர்களுக்குச் செல்லும் கம்பிகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்த வேண்டும். கரகரப்பு கம்பியோடு இடம் மாறினால் ஸ்பீக்கர் குற்றமற்றது. அதே பெட்டியில் தங்கிவிட்டால் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். பதற்றத்தில் இரண்டு கம்பிகளையும் ஒரு சுவிட்சையும் சேர்த்து மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த நிகழ்ச்சியில் அது மீண்டும் வரும்.

ஒத்திகையில் இந்த இரண்டு சோதனைகளுக்கும் பத்து நிமிடங்கள்கூடத் தேவைப்படவில்லை. வலது ஸ்பீக்கரின் பின்புறத்தில் 'மைக்', 'லைன்' என்று ஒரு சிறு சுவிட்சு உண்டு. அது 'மைக்' நிலையில் இருந்தது. மைக்கிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே. மிக்ஸரிலிருந்து வருவதோ ஏறத்தாழ ஒரு வோல்ட். நூற்றுக்கணக்கான மடங்கு வலுவான ஒலிக்குறியை, மெல்லியதை ஏற்பதற்கென அமைந்த வாயிலில் செலுத்தினால், அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுக் கரகரப்பாகவே வெளிவரும். பின்னால் ஒலியளவைக் குறைப்பதால் பயனில்லை. உள்ளே நுழையும்போதே ஒலி சிதைந்துவிட்டது. வண்டியில் ஏற்றி இறக்கும்போது யாருடைய விரலோ பட்டிருக்கலாம்.

மிக்ஸரிலும் இதே விதி பொருந்தும். ஒவ்வொரு மைக்குக்கும் உரிய 'கெயின்' குமிழை, பாடகர் தம் முழுக்குரலில் பாடும்போதும் சிவப்பு விளக்கு எரியாத அளவில் நிறுத்த வேண்டும். ஒத்திகையில் மெல்லப் பாடிவிட்டு மேடையில் உரக்கப் பாடுவது பாடகர்களின் இயல்பு. அதற்கு இடம் விட்டுவைக்காத இயக்குநர்தான் மூன்றாவது பாட்டில் திண்டாடுகிறார்.

ஆனால் இடது ஸ்பீக்கரின் சுவிட்சு சரியாகவே இருந்தது. அதுவும் ஏன் கரகரத்தது? கல்லூரியில் மின்சாரம் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். கட்டடத்திலிருந்து ஐம்பது மீட்டர் நீட்டிப்புக் கம்பி. அதிலேயே ஆயிரம் வாட் பார் விளக்குகள் இரண்டும் இணைக்கப்பட்டிருந்தன. கம்பியைக் காட்டச் சொன்னேன். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுதான்.

இங்கே சிறிது கணக்குப் போட வேண்டும். அத்தகைய செம்புக் கம்பி, போகவும் வரவுமாக நூறு மீட்டருக்கு, சுமார் 1.7 ஓம் மின்தடை கொண்டது. இரு விளக்குகளும் ஸ்பீக்கர்களும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்தால் கம்பியிலேயே 17 வோல்ட் தொலைந்துபோகும். நம் நாட்டில் மின்னழுத்தம் 230 வோல்ட் என்பது பெயரளவு. மாலை நேரச் சுமையில் சுவர்ப் பிளக்கிலேயே 210 வோல்ட் கிடைத்தால், மேடையை அடைவது 193 வோல்ட்தான். கிக் டிரம்மும் பாஸ் கிட்டாரும் ஒருசேர ஒலிக்கும் கணத்தில் ஆம்ப்ளிஃபயருக்கு மிகுதியான மின்சக்தி தேவை. அது கிடைக்காதபோது ஒலி வெட்டுப்படுகிறது. விளக்குகள் தாளத்துக்கு ஏற்ப மங்கி எரிந்தனவா என்றேன். "ஆமாம் சார், அழகாக இருக்கிறது என்று பையன்கள் கைதட்டினார்கள்" என்றார்.

விளக்குகளுக்குத் தனிக் கம்பி, ஒலிக்குத் தனிக் கம்பி, குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன், இணைக்கும் முன் மல்டிமீட்டரால் ஒரு முறை அளந்து பார்த்தல். இவ்வளவே இதற்குத் தீர்வு. ஜெனரேட்டர் எனில் அளவிடாமல் இணைக்கவே கூடாது. மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பி தளர்ந்திருந்தால், 230 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 300க்கும் மேல் வந்துவிடக்கூடும். அப்போது கரகரப்பு அல்ல, புகைதான் வரும்.

வேறு காரணங்களும் உண்டு. கம்பியை அசைக்கும்போது மட்டும் படபடவென்று ஒலித்தால் முனையில் ஈயப்பற்று விட்டிருக்கிறது. குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசியோ ஆக்சைடோ படிந்திருக்கிறது; கொல்கத்தா போன்ற ஈரக்காற்று நகரங்களில் இது மிக இயல்பு, கான்டாக்ட் கிளீனரே போதும். கம்பியில்லா மைக் அவ்வப்போது வெட்டுவது பெரும்பாலும் பேட்டரி தீர்வதாலோ அலைவரிசை மோதுவதாலோதான். மெல்லிய ஒலியிலும் தாழ்ந்த சுரங்களில் உரசல் கேட்டால், கூம்போ அதன் சுருளோ பழுதாகியிருக்கிறது என்று பொருள். அடித்தால் நின்று மீண்டும் தொடங்கும் கரகரப்பு, அதிர்வினால் உட்பலகையில் பற்று விரிசல் விட்டதன் அறிகுறி. இந்த இரண்டுக்கும் பழுதுபார்ப்பவரிடம்தான் செல்ல வேண்டும். தாமே பெட்டியைத் திறப்பது தகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கரகரப்பன்றி 'ம்ம்ம்' என்று தொடர்ந்து உறுமும் ஓசையைப் பற்றியும் ஒரு சொல். இது பெரும்பாலும் எர்த் இணைப்பு இரு வழிகளில் சுற்றிவருவதால் ஏற்படும் 50 ஹெர்ட்ஸ் ஓசை. இதை நிறுத்தச் சிலர் பிளக்கின் தடித்த எர்த் முள்ளையே முறித்துவிடுகின்றனர். உறுமல் நிற்பது உண்மை. ஆனால் அடுத்து ஏதேனும் மின்கசிவு நேர்ந்தால் அது கிட்டாரின் கம்பிகள் வழியே, உதட்டருகே உலோக மைக்கை வைத்திருக்கும் பாடகரின் உடலில் பாயும். இசைக்கலைஞர்கள் மேடையிலேயே உயிரிழந்திருக்கின்றனர். உறுமலுக்குச் சரியான மருந்து, எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பதும், கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் எர்த் விலக்கு வசதியுள்ள டி.ஐ. பெட்டி பயன்படுத்துவதுமே. 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மேடைக்கான மின்பலகையில் பொருத்துவது நல்லது. அவருடைய நீட்டிப்புப் பலகைகள் மூன்றில் ஒன்றில் எர்த் கம்பியே இணைக்கப்பட்டிருக்கவில்லை. அதை அன்றே வெட்டி எறியச் சொன்னேன்.

இடது ஸ்பீக்கரில் முழுவதும் நாங்கள் எண்ணியபடி முடியவில்லை. புதுக்கம்பி வாங்கிய பின்னும் தாழ்ந்த சுரங்களில் லேசான உரசல் இருந்தது. அந்தக் கல்லூரி நிகழ்ச்சியில் வெட்டுப்பட்ட ஒலியை மூன்று மணி நேரம் தாங்கியதில் சுருள் சூடேறி உருக்குலைந்திருந்ததாக, சாந்தினி சௌக்கில் பழுதுபார்ப்பவர் ஒருவர் கூறினார். பாஸ் டிரைவர் மட்டும் மாற்றப்பட்டது. கம்பிகள், மின்பலகை, டி.ஐ. பெட்டிகள், டிரைவர் என எல்லாம் சேர்ந்து, அவர் கேட்ட கடனில் எட்டில் ஒரு பங்குகூட ஆகவில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தக் காலாண்டு இலக்கில் எங்கள் கிளைக்கு ஒரு கணக்கு குறைந்தது. மேலாளர் சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டார்.

உண்மையிலேயே புதிய சாதனம் தேவைப்படுவோர், பழுதுபார்ப்பவரிடம் 'சீர்செய்ய இயலாது' அல்லது 'சீர்செய்யும் செலவு இவ்வளவு' என்று எழுத்தில் பெற்று விண்ணப்பத்துடன் இணைத்தால், எங்களுக்கும் முடிவெடுப்பது எளிது. ஜி.எஸ்.டி. ரசீதில் சாதனத்தின் வரிசை எண் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவாதத்துக்கும் காப்பீட்டுக்கும் அதுவே ஆதாரம். காப்பீடு எடுக்கையில், சாதனங்கள் கடையில் இருக்கும்போது மட்டுமா, வண்டியிலும் மேடையிலும் இருக்கும்போதுமா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அந்த வாடிக்கையாளரின் பாலிசி அவரது கிடங்கின் முகவரியோடு முடிந்துவிட்டிருந்தது. பூஜைக்கு முந்தைய வாரம் அதைத்தான் நாங்கள் முதலில் மாற்றினோம்.