கந்தீசா: ஒரு துதியும் ஒரு கிதாரும்

லம்பா லைனில் வாழும் நம்மவர் வீட்டுக்குள் தமிழ் பேசுகிறோம். அடுத்த வீட்டு வங்காளியோடு வாசலில் நின்று இந்தி பேசுகிறோம். இங்கே வளரும் நம் பிள்ளைகள் நாளெல்லாம் கிதார் இசையைக் கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு, "நம் பாட்டெல்லாம் இத்துடன் போயிற்று" என்று பெரியோர் வருந்துவது வழக்கம். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், கிதாரைக் குற்றவாளியாக்குமுன் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பைக் கேட்டுப் பார்ப்பது நன்று. அதனை ஆக்கியவர்கள் டில்லியைச் சேர்ந்த ஒரு ராக் இசைக் குழுவினர். குழுவின் பெயர் 'இந்தியன் ஓஷன்'. தீவுவாசிகளான நமக்கு விளக்கம் வேண்டாத பெயர்! தொகுப்பின் பெயர் 'கந்தீசா'.

1990இல் தோன்றிய அக்குழுவில், இத்தொகுப்பு உருவான காலத்தில் நால்வர் இருந்தனர். சுஷ்மித் சென் கிதார் வாசித்தார். ராகுல் ராம் பேஸ் கிதார் வாசித்ததோடு பாடவும் செய்தார். அஷீம் சக்கரவர்த்தி தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். டிரம்ஸ் அமித் கிலாம். ராக் என்றதும் காதைப் பிளக்கும் முழக்கத்தை எதிர்பார்ப்பவர் இங்கே ஏமாறுவர். சுஷ்மித் சென்னின் கிதார் சிதாரைப் போல ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, மெல்ல விரிவடைகிறது. சிலவிடங்களில் அவ்விரிவு அளவு கடந்து நீள்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தலைப்புப் பாடல், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் வழங்கிவரும் பழந்துதி. அதன் மொழி சிரியாக். அரமேய மொழியின் வழிவந்தது. 'கந்தீசா' என்பதற்குத் 'தூயவர்' என்று பொருள். இதனை இந்தியில் பெயர்த்துப் பாடியிருந்தால் எளிதில் விளங்கியிருக்கும். குழுவினர் அவ்வாறு செய்யவில்லை. துதியின் சொற்களை அவை இருந்தபடியே வைத்து, கிதாரையே அவற்றுக்கு ஏற்ப நடக்கச் செய்தனர். விளைவு என்ன? ஒரு சொல்லுக்கும் பொருள் அறியாத கல்லூரி மாணவர்கள் கூடவே பாடினர். திரைப்பாட்டே சந்தையை ஆண்ட நாட்டில், திரைப்படத் துணையின்றி இத்தொகுப்பு பரவலான ரசிகர்களைப் பெற்றது. இதை எந்த வகையில் சேர்ப்பது என்பதில்தான் குழப்பம். ராக் என்றனர் சிலர். கலப்பிசை என்றனர் சிலர்.

நம் மனத்தில் ஆழப் பதிந்தது 'மா ரேவா' என்னும் பாடல். ரேவா என்பது நர்மதையின் மறுபெயர். ராகுல் ராம் நர்மதைப் பள்ளத்தாக்கில் அணை எதிர்ப்பு இயக்கத்தாருடன் பணியாற்றியவர். நதியைத் தாயாக வாழ்த்தும் அந்நாட்டுப்பாடல் அப்பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. தொகுப்பு வெளிவந்த அதே ஆண்டு அக்டோபரில், சர்தார் சரோவர் அணையைத் தொடர்ந்து கட்ட உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது. பின்னர் அக்கரையோர ஊர்கள் பல நீருக்குள் சென்றன. கூட்டம் கைதட்டி ஆடும் துள்ளலில் அத்துயரம் மறைந்துவிடாதா என்று கேட்கலாம். அழுகையாகப் பாடியிருந்தால் ஒருமுறை கேட்டு இரங்கிவிட்டு மறந்திருப்பார்கள் என்பது நம் எண்ணம். துள்ளலோடு பாடியதால், நர்மதையைக் கண்ணாலும் காணாதவர் வாயில் அவள் பெயர் நிற்கிறது.

போஜ்புரிக் கவிஞர் கோரக் பாண்டேயின் 'ஹில்லே லே'யும் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. தமிழ்ப் பாட்டு ஒன்றும் இல்லை. நமக்கு அது ஒரு சிறு குறைதான். ஆயினும் நம் வீட்டுப் பாட்டியின் தாலாட்டை அந்நால்வர் வந்து கற்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைவிட, அதை முழுதும் அறிந்த பேரப்பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது பொருத்தம்.

அஷீம் சக்கரவர்த்தி 2009 டிசம்பரில் மறைந்தார். சுஷ்மித் சென் 2013இல் குழுவை விட்டு விலகினார். புதியவர்களுடன் குழு தொடர்ந்தது. தொகுப்பைத் தேடிக் கேட்கும் நேயர்களுக்கு ஒரு குறிப்பு: அதில் 'லீவிங் ஹோம்', அதாவது 'வீட்டைப் பிரிதல்', என்றோர் உருப்படி உண்டு. கப்பலேறி வந்த தலைமுறையினர் வீட்டில் இருந்தால், அதை அவர்களோடு அமர்ந்து கேட்கலாம்.