சர்வாதிகாரியின் நிழலில் – 11: வர இயலாதவர்கள்

சர்வாதிகாரி ட்ருஹியோவை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவரையும் போன வாரம் மலைப்பாதையில் விட்டு வந்தோம். 1960 நவம்பர் 25, அவர்கள் கொல்லப்பட்ட நாள். தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது மறந்திருக்காது, எனக்கும் திரும்ப எழுதக் கை வரவில்லை. இந்த வாரம் டொமினிக்கன் குடியரசை விட்டு நம் ஊருக்குத் திரும்பி, நெருக்கடி நிலைக் காலத்துச் சென்னை மத்தியச் சிறைக்குள் போகலாம் என்று சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஒரு பழைய பேப்பர் வாசலிலேயே வழிமறித்துவிட்டது. வியாழக்கிழமை ராத்திரி ஆகிவிட்டது. ஆடி வெள்ளிக்காக ரேணுகாம்பாள் கோயிலுக்கு வருகிற வண்டிகளின் சத்தம் ஜன்னலுக்கு வெளியே ஓயவில்லை. காலையில் கட்டுரை போய்ச் சேர வேண்டும். ஆனாலும் அந்தப் பேப்பரைச் சொல்லாமல் நகர முடியாது.

1976 பிப்ரவரி 3-ஆம் தேதி வந்த, தி.மு.க.வின் முரசொலி நாளேடு அது.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. அடுத்த ஏழு மாதம் தமிழ்நாடு ஓரளவு மூச்சுவிட முடிந்த இடமாக இருந்தது. இங்கே ஆண்ட தி.மு.க. அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது. வடக்கே தேடப்பட்டவர்கள் இங்கே வந்து தங்கினார்கள். 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. அந்த இரவே ஜீப்புகள் கிளம்பின. விசாரணை இல்லாமல் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிடிக்கப்பட்டவர்களின் பெயரைப் பத்திரிகையில் போடவும் தணிக்கை விடாது. கட்டிய லுங்கியோடு கூட்டிப் போன மனிதர் வேலூரில் இருக்கிறாரா, சென்னையில் இருக்கிறாரா என்று யாரைக் கேட்பது? போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போனால் கேட்கப் போனவரையும் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம்.

பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். 1969-இல் அவர் மறைந்ததிலிருந்து ஆண்டுதோறும் கட்சிக்காரர்கள் மெரினாவில் அவர் நினைவிடத்துக்குப் போய் மலர்வளையம் வைப்பது வழக்கம். அன்றைய முரசொலியில் கலைஞர் கருணாநிதி ஒரு பட்டியல் போட்டார். அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க இந்த ஆண்டு வர இயலாதவர்கள் இவர்கள் என்று சொல்லி, கீழே வரிசையாகப் பெயர்கள். ஏன் இயலவில்லை என்று ஒரு சொல் கிடையாது. கைது, மிசா, சிறை எதுவும் கிடையாது. தணிக்கை அதிகாரியின் மேஜையில் அது ஒரு நினைவஞ்சலிச் செய்தி. அடிக்க வேண்டிய வார்த்தை அதில் எங்கே இருக்கிறது? பேப்பரைக் கையில் வாங்கியவனுக்கோ, உள்ளே இருப்பவர்களின் முழுக் கணக்கும் அதுதான்.

இந்த வாரம் முழுக்க இதே நினைப்பாக இருக்கிறேன். எதிர்ப்பு என்றால் துப்பாக்கி, துண்டுப் பிரசுரம், தலைமறைவு என்றே பத்து வாரமாக எழுதிவந்தேன். ஒருவர் ஓரிடத்துக்கு வரவில்லை என்பதை மட்டும் அச்சடித்து ஒரு அரசை மீற முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது தாண்டியும் தறியை விடாதவர். செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். முடிந்த பாவின் நுனி இழையையும் புதுப் பாவின் இழையையும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு. அடுத்த இழை. இப்படி ஆயிரக்கணக்கில். ஒன்று விட்டுப்போனாலும் சேலையில் கோடாகத் தெரியும். முரசொலிப் பட்டியலைப் பற்றிச் சொன்னதும் தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

“பக்கத்து ஊர்ல ஒருத்தரை நடுராத்திரி ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க தம்பி. சந்தவாசல் பஸ்ல பேப்பர் வந்துச்சு. டீக்கடையில ஒருத்தன் ஒவ்வொரு பேரா சத்தமாப் படிச்சான். நாங்க காதைத் தீட்டிக்கிட்டு நின்னோம். அவர் பேரு வந்ததும் ஒருத்தன் சைக்கிளை எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்கு ஓடினான்.”

“பேரைக் கேட்டதும் பயமா இல்லையா ஐயா?”

“பேரு இருந்தா ஆளு இருக்கான்னு அர்த்தம். பேரு இல்லைன்னாத்தான் பயம்.”

சொல்லிவிட்டு அடுத்த இழையை எடுத்தார். எனக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை.

இதே வரிசையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெருக்கடி நிலை வந்த மூன்றாம் நாள், 1975 ஜூன் 28, பம்பாய் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஒரு மரண அறிவிப்பு வந்தது. இறந்தவர் பெயர் ஓ’க்ரசி, முதலெழுத்துகள் டி.இ.எம். மனைவி டி. ரூத், மகன் எல்.ஐ. பெர்ட்டி. முதலெழுத்தையும் பெயரையும் சேர்த்துப் படித்தால் டெமாக்ரசி, ட்ரூத், லிபர்ட்டி. ஜனநாயகம் இறந்தது, உண்மை விதவையானது, சுதந்திரம் தகப்பனை இழந்தது. காசு கட்டி இதைக் கொடுத்தவர் அசோக் மகாதேவன் என்ற பத்திரிகையாளர். அபாரமான மூளை. ஆனால் என் மனம் முரசொலிப் பட்டியலின் பக்கம்தான் நிற்கிறது. பம்பாயில் செத்தவர் கற்பனை மனிதர். இங்கே ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் உலை வைக்காத ஒரு வீடு இருந்தது.

மறுபடி கரீபியன் கடலுக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலின் அருமை எனக்கு உறைத்ததே அங்கிருந்துதான். ட்ருஹியோ 1930-இலிருந்து 1961-இல் சுட்டுக் கொல்லப்படும் வரை நாட்டைப் பிடித்து வைத்திருந்தவர். நானூறு வருஷத்துப் பழைய தலைநகரான சாந்தோ தொமிங்கோவுக்கு 1936-இல் தன் பெயரைச் சூட்டிக்கொண்டார். நாட்டின் உயரமான சிகரத்துக்கும் அன்று அவர் பெயர்தான். இந்த வீட்டில் ட்ருஹியோவே தலைவர் என்று எழுதிய தகட்டைச் சுவரில் மாட்டினார்கள் ஜனங்கள். மாட்டாத வீட்டைக் கவனிக்க ஆள் இருந்தது.

எங்கும் அவர் பெயர் என்றால் மற்றவர்களின் பெயர் என்ன ஆயிற்று? அங்கே எல் கரீபே என்ற நாளிதழில் ‘பொது மன்றம்’ என்று ஒரு வாசகர் கடிதப் பகுதி வந்தது. பெயருக்குத்தான் வாசகர் கடிதம். இன்ன அதிகாரி விசுவாசம் குறைந்தவர், இன்னாரின் நடத்தை சரியில்லை என்று பொய்க் கையெழுத்தோடு வரும். எழுத வைத்தது அரண்மனை. பெயர் வந்துவிட்டால் வேலை போகலாம், சிறைக்கும் போகலாம். பெயர் வந்தவர் தன் விசுவாசத்தை நிரூபிக்க அதே பத்திரிகைக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதுவார். மந்திரிகளே காலையில் அந்தப் பக்கத்தை நடுங்கிக்கொண்டுதான் திறப்பார்களாம். மிராபல் சகோதரிகளின் பெயர்களும் கடைசியில் பத்திரிகைக்கு வந்தன, சாலை விபத்தில் இறந்தவர்கள் என்ற பொய்யோடு. அடித்துக் கொன்றபின் ஜீப்போடு பள்ளத்தில் தள்ளியது அதற்காகத்தான்.

அங்கே பேப்பரில் பெயர் வந்தால் ஒரு மனிதன் அழிந்தான். இங்கே பெயர் வந்ததால் ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தது. இரண்டும் அச்சு மைதான், இரண்டும் பெயர்தான். தணிக்கை என்றால் செய்தியை மறைப்பது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது மனிதர்களை அவர்கள் பெயரிலிருந்து பிரித்து எடுக்கிற வேலை. யாரிடமும் பெயர் இல்லாத ஒருவனைச் சிறைக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

செய்தார்கள். முரசொலி அந்தப் பட்டியலை அச்சுக்கு அனுப்பிய பிப்ரவரி 2 இரவு, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த மத்தியச் சிறையில் மிசா கைதிகளின் மேல் தடிகள் இறங்கின. சென்னை மேயராக இருந்தவர், செங்கல்பட்டு எம்.பி. சிட்டிபாபு அங்கே இருந்தார். 22 வயது மு.க. ஸ்டாலினும் இருந்தார். ஸ்டாலின் மேல் விழ வந்த அடியைச் சிட்டிபாபு குறுக்கே விழுந்து வாங்கிக்கொண்டார். சிட்டிபாபு பிழைக்கவில்லை. அவர் எழுதி வைத்த சிறை டைரி இருக்கிறது. பிறகு நீதிபதி மு.மு. இஸ்மாயில், கம்பனில் தோய்ந்த அந்த மனிதர், கமிஷன் தலைவராக உட்கார்ந்து அந்த இரவை சாட்சி சாட்சியாக விசாரித்தார். இன்று எழுத நினைத்தது இவை இரண்டையும்தான். ஒன்றுக்கும் இடம் இல்லாமல் போயிற்று. அந்தச் சிறைக் கட்டடமும் இன்று இல்லை, 2009-இல் இடித்துவிட்டார்கள். டைரியும் கமிஷன் அறிக்கையும் மேஜையில் பிரித்தபடியே இருக்கின்றன. அடுத்த வாரம் அந்த இரவில், கதவு திறக்கும் சத்தத்திலிருந்து தொடங்குகிறேன்.