மஞ்சள் துணியில் முடிந்த கணக்கு

நேர்த்திக்கடன் என்ற சொல்லிலேயே 'கடன்' இருக்கிறது. ஆனால் இது வட்டியில்லாத கடன். தொகையையும் தவணையையும் நாமே வேண்டிக்கொள்கிறோம். அதை அடைக்க, வட்டிக்கு இன்னொரு கடன் வாங்கலாமா?

தைப்பூசம் நெருங்கும் வாரங்களில் வானொலிக்கு அழைக்கும் நேயர்களின் பேச்சில் பக்தியோடு பணக் கவலையும் கலந்திருக்கும். காவடிக்கு, உறுமி மேளத்துக்கு, உறவினர்களை ஏற்றிச் செல்லும் வேனுக்கு, அன்னதானத்துக்கு என்று செலவு நீளும். யாராவது தயங்கினால், "சாமி காரியத்துல கணக்குப் பார்க்கலாமா?" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டுவிடுவார். அதற்குமேல் பேச வாய் வராது. கிரெடிட் கார்டு வெளியே வந்துவிடும்.

அடுத்த பூசத்திலும் பாக்கி

மலேசியாவில் கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி. 3,000 வெள்ளியைக் கார்டில் தேய்த்துவிட்டு, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை மட்டும் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 18 விழுக்காடு வட்டியில், முதல் மாதம் கட்டும் 150 வெள்ளியில் 45 வெள்ளி வட்டிக்கே போய்விடும். ஓராண்டு தவறாமல் கட்டிய பிறகும் 1,900 வெள்ளிக்கு மேல் பாக்கி நிற்கும். அதற்குள் அடுத்த தைப்பூசம் வந்துவிடும்.

திருக்கல்யாணத்துக்காகக் குபேரனிடம் கடன் வாங்கிய திருப்பதி பெருமாளே இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. அவருக்கு உண்டியல் நிறைக்கக் கோடிப் பக்தர்கள் இருக்கிறார்கள். நமக்கு மாதச் சம்பளம் மட்டும்தான்.

பாட்டி செய்த வேலை

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு வங்கிக் கணக்கு இருந்ததில்லை. ஏதாவது வேண்டிக்கொண்டால் அன்றைக்கே ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் முன் வைப்பார். பிறகு ஒவ்வொரு சம்பள நாளிலும் அதற்கென்று ஒதுக்கிய மைலோ டின்னில் கொஞ்சம் போடுவார். அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடமாட்டார். டின் நிறைந்த பிறகுதான் கோயில் பயணம்.

நம் நாட்டில் இதே எண்ணத்தில் ஒரு பெரிய நிறுவனமே உருவானது. ஹஜ் பயணத்துக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டு, திரும்பி வந்து வறுமையில் விழுந்த கிராமத்து முஸ்லிம்கள் அன்று பலர். அவர்கள் வட்டியில்லாமல் சிறுகச் சிறுகச் சேமித்துப் புறப்பட வழிசெய்யும் திட்டத்தை, பொருளாதார அறிஞர் உங்கு அசிஸ் 1959இல் முன்வைத்தார். 1963இல் அது செயலுக்கு வந்தது. இன்றைய தாபோங் ஹாஜியின் தொடக்கம் அதுதான்.

பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலைக் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோ, வியாபாரக் கணக்கிலேயே 'மகமை' என்று கோயிலுக்கு ஒரு பங்கு ஒதுக்கினார்கள். சாமி காரியத்தில் கணக்குப் பார்த்தவர்கள்தான் கோயில்களை நிலைக்க வைத்தார்கள்.

இந்த ஆண்டே தொடங்கலாம்

பத்துமலையின் 272 படிகளை இறங்கி வீடு திரும்பியதும் குடும்பமாக உட்கார்ந்து அடுத்த ஆண்டுத் தொகையைப் பேசுங்கள். 3,000 வெள்ளி என்றால் மாதம் 250. தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து, சம்பளம் வந்த அன்றே அதில் போட்டுவிடுங்கள். 250 முடியாதென்றால் பால்குடம் எடுக்கலாம். பெரிய காவடிதான் என்றால், "மூன்றாம் ஆண்டு எடுக்கிறேன் முருகா" என்று காலத்தையும் சேர்த்தே வேண்டிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கடனில் மாட்டிக்கொண்டவர்கள், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகேயை நாடலாம். ஆலோசனை இலவசம்.

"கணக்குப் பார்க்கலாமா?" என்று வீட்டில் இனி யாராவது கேட்டால், "வேண்டிக்கொண்ட அன்றே பார்த்துவிட்டோம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.