உங்களுக்குத் தெரியுமா? முட்டைக்கு எந்தக் கோழி?

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டிலிருந்து மலையிறங்கினால் நாமக்கல் முட்டைப் பண்ணைகள். அங்கே கூண்டில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிக் கலப்பினம் ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும், ஆனால் அடைகாக்காது. புழக்கடையில் மேயும் நம் சிறுவிடை நாட்டுக்கோழியோ பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். குஞ்சுகள் தனியே இரை தேடும்வரை மறுபடி முட்டையிடாது. இதைக் குறை என்று தள்ளிவிடாதீர்கள். பொரிப்பான் இல்லாத மலைவீட்டில் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளைத் தருவது அந்தக் கோழிதான்.

அன்றாடம் முட்டை வேண்டுமா? ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புழக்கடைக்கென்றே உருவாக்கிய கிராமப்பிரியாவைச் சேர்த்து வளருங்கள். பழுப்பு முட்டையிடும், மேய்ந்தும் இரை தேடிக்கொள்ளும். பகல் சுருங்கும் மார்கழியில் முட்டை குறையலாம். மாலையில் கூட்டுக்குள் சிறிது நேரம் விளக்கு எரியட்டும்.