கொசுக்கடியும் கால்சியமும்

கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியின் நெருக்கமான தெருக்களில், தேங்கிய சாக்கடை நீரில் கியூலெக்ஸ் கொசுக்கள் பெருகுகின்றன. யானைக்கால் நோய்ப் புழுக்களை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்பவை இவையே. மலபாரில் காணப்பட்ட இந்நோய்க்கு முற்கால ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘கொச்சிக் கால்’ என்பதாகும். கொசு கடித்த இடத்தில் சில நொடிகளுக்குள் நிகழ்வன யாவை?

உயிரணு ஒவ்வொன்றும் தன் வேலைகளுக்கு வேண்டிய ஆற்றலை அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி., என்னும் பொருளின் வாயிலாகப் பெறுகிறது. இஃது அணுவின் உள்ளே மிகுதி. வெளியே மிகச் சொற்பம். ஆகவே வெளியே இது திடீரெனப் பெருகுமாயின், அருகில் ஏதோ ஓர் அணு சிதைந்துள்ளது என்பதற்கு அதுவே அடையாளம். கொசுவின் ஊசி தோலைத் துளைக்கும்பொழுது சிதையும் அணுக்களிலிருந்து ஏ.டி.பி. கசிகிறது.

காவல் புரியும் வெள்ளணுக்களின் மேலுறையில் இதனை உணரும் ஏற்பிகள் உள. அவை இரு வகைப்படும். பி2எக்ஸ் என்னும் வகை, ஏ.டி.பி. பட்டவுடன் திறக்கும் வாயில் போன்றது. அதன் வழியே வெளியிலுள்ள கால்சியம் உள்ளே பாய்கிறது. பி2ஒய் என்னும் வகை, அணுவின் உள்ளறைகளில் சேமித்து வைத்த கால்சியத்தை விடுவிக்கிறது. ஓய்வு நிலையில் அணுவின் உள்நீரிலுள்ள கால்சியம் வெளியிலிருப்பதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. ஆதலின் சிறிதளவு உயர்ந்தாலும் அணு அதனை ஆணையாகக் கொண்டு, காயத்தை நோக்கி நகரவும் அழற்சிப் பொருள்களைச் சுரக்கவும் தொடங்குகிறது. இரத்தத் தட்டணுக்களும் ஏ.டி.பி.யின் சிதைவுப் பொருளாகிய ஏ.டி.பி.யின் இளைய உறவான அடினோசின் டைபாஸ்பேட்டை உணர்ந்து, இவ்வாறே கால்சியத்தின் தூண்டுதலால் ஒன்றுடன் ஒன்று ஒட்டி இரத்தக் கசிவை அடைக்கின்றன.

எச்சரிக்கை ஓயாது ஒலித்தால் உடலுக்கே கேடு. எனவே உடலின் நொதிகள் ஏ.டி.பி.யைப் படிப்படியாகச் சிதைத்து, அழற்சியைத் தணிக்கும் அடினோசினாக மாற்றுகின்றன. கொசுவும் இவ்வித்தையை அறியும்! இரத்தம் உறையாதிருக்க, அதன் உமிழ்நீரிலுள்ள அபைரேஸ் என்னும் நொதி இவ்வறிவிப்புப் பொருள்களைச் சிதைக்கிறது.

ஏ.டி.பி.யை 1929இல் ஹார்வர்டில் ஃபிஸ்க்குடன் சேர்ந்து கண்டறிந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனியே அதனைக் கண்டார். யானைக்கால் நோய்க்குரிய டைஎத்தில்கார்பமசின் என்னும் மருந்து 1947இல் வெளிவந்ததும் சுப்பாராவின் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் பயனே.

இம்மருந்து சோதனைக் குழாயில் இளம்புழுக்களை எளிதில் கொல்வதில்லை; உடலின் காவலணுக்கள் துணை நின்றாலே வேலை செய்கிறது. புழுக்கள் மடியும்பொழுது சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் தோன்றிச் சில நாட்களில் நீங்கும். இதனை நஞ்செனக் கருதி மக்கள் மாத்திரையை மறுப்பதுண்டு. காய்ச்சல் உடலின் போராட்டத்திற்கு அறிகுறி என்பதை ஊழியர் வீட்டு வாயிலிலும் ஆசிரியர் வகுப்பிலும் முன்னரே விளக்குவாராயின், அம்மறுப்பு பெரிதும் குறையும்.